மொட்டை மாடி மழை: அரசு தருவது என்ன, நாம் செய்ய வேண்டியது என்ன?

இரவு படுக்கப் போகும் முன் அல்முல்க் அத்தியாயத்தை ஓதும் வழக்கம் நம்மில் பல வீடுகளில் உண்டு. முப்பது வசனங்கள்தான் என்பதால் பிள்ளைகளும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்த அத்தியாயம் ஒரு கேள்வியோடு முடிகிறது. நாம் பயன்படுத்தும் தண்ணீர் பூமிக்குள் இறங்கி மறைந்துவிட்டால், ஊற்று நீரை நமக்குக் கொண்டு வந்து தருபவர் யார் என்று அல்லாஹ் நம்மைப் பார்த்துக் கேட்கிறான்.

ஆயிரம் அடி போர் போட்டும் புழுதி மட்டுமே பறந்ததைப் பார்த்த கோவைக்காரர்களுக்கு இந்த வசனத்தின் பொருளை யாரும் விளக்கத் தேவையில்லை. கரும்புக்கடையிலும் குனியமுத்தூரிலும் போத்தனூரிலும் கோடை வந்தால் நல்ல தண்ணீர் என்றைக்கு வரும் என்பதுதான் வீட்டுப் பெண்களின் முதல் கேள்வி. குழாயில் தண்ணீர் வரும் நாளை வைத்தே துணி துவைப்பதும், விருந்தினரை அழைப்பதும் முடிவாகின்றன.

இதே ஊரில் ஐப்பசி மழை பெய்யும்போது நம் மொட்டை மாடியில் விழும் தண்ணீர் பைப் வழியாக இறங்கி, வாசலைத் தாண்டி, சாக்கடையில் கலந்துவிடுகிறது. அதைப் பிடித்து வைப்பதற்குச் சட்டம் என்ன சொல்கிறது, அரசு ஏதாவது உதவி தருகிறதா, நம் வீட்டிலும் பள்ளிவாசலிலும் என்ன செய்யலாம் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

நம் குழாய்த் தண்ணீர் வரும் வழி

கோவை நகரத்துக்குத் தண்ணீர் தரும் இடங்கள் எல்லாமே நகரத்துக்கு வெளியே இருக்கின்றன. சிறுவாணி அணை கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. 1973-ல் இரண்டு மாநிலங்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி அந்தத் தண்ணீர் நமக்கு வருகிறது. பில்லூர் திட்டத்தின் தண்ணீர் பவானி ஆற்றிலிருந்து வருகிறது. அதன் மூன்றாம் கட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கி வைக்கப்பட்டது. தெற்கே ஆழியாற்றுத் தண்ணீரும் பல பகுதிகளுக்குப் போகிறது.

இந்த ஏற்பாடுகள் எல்லாமே மலையில் பெய்யும் மழையை நம்பியவை. சிறுவாணியின் முழுக் கொள்ளளவு ஏறத்தாழ 50 அடி. ஆனால் அணையின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, 45 அடிக்கு மேல் தேக்காமல் கேரளம் தண்ணீரைத் திறந்துவிடுகிறது என்ற செய்தியைச் சில ஆண்டுகளாகப் படித்து வருகிறோம். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது தமிழ்நாடு முழுவதும் வறட்சி வந்தது. அடுத்த கோடையில் சிறுவாணியின் நீர்மட்டம் அடிவரை இறங்கியது. அந்த நாட்களில் குடங்களோடு தெருவில் நின்றவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

நிலத்தடி நீரின் நிலையும் நமக்குச் சாதகமாக இல்லை. கொங்கு மண்டலம் பாறைப் பூமி. மணல் பூமியில் தண்ணீர் எங்கும் பரவி நிற்பதுபோல் இங்கே நிற்காது. பாறை இடுக்குகளில் மட்டுமே தங்கும். பக்கத்து வீட்டுப் போரில் தண்ணீர் இருக்கும், நம் போரில் இருக்காது. ஆழம் கூடக் கூடத் தண்ணீர் உப்பாகவும் மாறும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் இருப்பதால் நகரத்தில் பெய்யும் மழையும் குறைவு. ஆண்டுக்கு ஏறத்தாழ 650 முதல் 700 மில்லி மீட்டர். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் கொட்டிவிடுகிறது.

குறைவாகப் பெய்யும் ஊரில்தான் பெய்வதைப் பிடித்து வைப்பது அவசியமாகிறது. நம் முன்னோர் நொய்யல் ஆற்றை ஒட்டி உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக் குளம், சிங்காநல்லூர் குளம் என்று வரிசையாகக் குளங்கள் அமைத்தது இதற்காகத்தான். வடக்கே அவினாசி, அன்னூர் பகுதி மக்கள் பல பத்தாண்டுகள் கேட்டுப் போராடிய அத்திக்கடவு அவினாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. பவானியின் உபரி நீர் 1.5 டி.எம்.சி.யை 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டு போய், நிலத்தடி நீரை உயர்த்துவதே அதன் நோக்கம். அதே வேலையை ஒரு வீட்டின் அளவில் செய்வதுதான் மழைநீர் சேகரிப்பு.

2003-ல் வந்த சட்டம்

நாட்டிலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் என்ற பெயர் தமிழ்நாட்டுக்கு உண்டு. 2003-ல் முதலமைச்சர் ஜெயலலிதாவின் ஆட்சியில் அவசரச் சட்டம் கொண்டு வரப்பட்டு, உள்ளாட்சிச் சட்டங்கள் திருத்தப்பட்டன. புதிய கட்டடமோ பழைய கட்டடமோ, வீடோ கடையோ, எல்லாவற்றிலும் மழைநீர் அமைப்பு இருக்க வேண்டும் என்று உத்தரவானது. செய்யத் தவறினால் உள்ளாட்சி நிர்வாகமே அதை அமைத்து, செலவைச் சொத்து வரியைப் போல வசூலிக்கலாம். குடிநீர் இணைப்பைத் துண்டிக்கவும் செய்யலாம்.

அந்த ஆண்டு ஊரெங்கும் பிளம்பர்களுக்கு ஓய்வே கிடைக்கவில்லை. நம் வீடுகளிலும் பைப் இறங்கியது, குழி தோண்டப்பட்டது, ஜல்லி கொட்டப்பட்டது. அடுத்து வந்த சில ஆண்டுகளில் நல்ல மழையும் சேர்ந்துகொள்ள, சென்னையின் பல பகுதிகளில் கிணறுகள் ஊறின.

அதே சென்னைதான் 2019 ஜூனில் நான்கு ஏரிகளும் வற்றி உலகச் செய்தியானது. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டு வர வேண்டியதாயிற்று. சட்டம் அப்படியே இருந்தது. ஆனால் 2003-ல் தோண்டிய குழிகள் பல வீடுகளில் மண் மூடிப் போயிருந்தன. சிலர் மேலே டைல்ஸ் போட்டுவிட்டார்கள். சிலருடைய பைப் குழிக்குப் பதிலாகச் சாக்கடையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. நம் கோவை வீடுகளும் இதற்கு விதிவிலக்கல்ல. இப்போதே எழுந்து போய் நம் வீட்டு மழைநீர்க் குழி எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

இன்றைக்குப் புதிதாக வீடு கட்டுபவர்களுக்கு 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் பொருந்தும். அதிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். வரைபடத்திலேயே அதைக் காட்ட வேண்டும். ஆனால் வரைபடத்துக்கு அனுமதி வாங்கியதோடு நம் கடமை முடிந்துவிட்டதாக எண்ணினால், மறுபடியும் 2003-ன் கதைதான்.

மற்ற ஊர்களில் ஊக்கம் எப்படித் தருகிறார்கள்?

நம் சட்டம் கட்டாயத்தை மட்டும் நம்பியது. செய்யாதவருக்குத் தண்டனை உண்டு. செய்து, ஆண்டுதோறும் பராமரிப்பவருக்கு வரியில் ஒரு ரூபாய் குறைக்கவும் அந்தச் சட்டம் வழி செய்யவில்லை. மற்ற ஊர்கள் சிலவற்றைப் பார்ப்போம்.

புனே மாநகராட்சியில் மழைநீர் சேகரிப்பு, சூரிய சக்தி, மண்புழு உரம் ஆகியவற்றில் ஒன்றைச் செய்தால் பொது வரியில் 5 சதவீதமும், ஒன்றுக்கு மேல் செய்தால் 10 சதவீதமும் தள்ளுபடி தரும் முறை இருக்கிறது. இந்தூரில் மழைநீர் அமைப்பை வைத்தவருக்குச் சொத்து வரியில் 6 சதவீதம் தள்ளுபடி அறிவித்தார்கள். டெல்லியில் 2021-ல் அரசு அறிவித்தபடி, அமைக்கும் செலவில் பாதிவரை, அதிகபட்சம் 50,000 ரூபாய் உதவியும், தண்ணீர் கட்டணத்தில் 10 சதவீதம் தள்ளுபடியும் உண்டு. பெங்களூரு வேறு வழியில் போனது. அங்கே மழைநீர் அமைப்பு இல்லாத கட்டடங்களுக்கு மாதாமாதம் தண்ணீர் பில்லோடு அபராதமும் சேர்ந்து வருகிறது.

வெளிநாடுகளில் ஜெர்மனியின் முறை சிந்திக்க வைக்கிறது. அங்கே பல நகரங்களில் கழிவுநீருக்கு ஒரு கட்டணம், மழைநீருக்குத் தனியாக ஒரு கட்டணம். நம் கூரையிலும் முற்றத்திலும் விழும் மழையை நகராட்சி வடிகாலுக்கு அனுப்பினால் பரப்பளவுக்கு ஏற்பக் கட்ட வேண்டும். அந்தத் தண்ணீரைத் தன் இடத்திலேயே பிடித்துக்கொள்பவருக்குக் கட்டணம் குறையும். சிங்கப்பூரில் 2024-ல் அரசு அடுக்குமாடி வீடுகளுக்கு 300 வெள்ளி மதிப்புள்ள கூப்பன்கள் அறிவித்தார்கள். அதைக் கொண்டு மின்சாரத்தையும் தண்ணீரையும் மிச்சப்படுத்தும் சாதனங்கள், அதாவது குறைந்த தண்ணீர் ஊற்றும் ஷவர், குழாய் போன்றவற்றை வாங்கலாம்.

ஊக்கம் தருவது நம் மாநிலத்துக்குப் புதிதா என்றால், அதுவும் இல்லை. நம் ஊரில் சொத்து வரியை அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாட்களுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை கிடைக்கிறது. வயல், தோட்டம் வைத்திருக்கும் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பாசனம் அமைக்க 100 சதவீத மானியமும், மற்ற விவசாயிகளுக்கு 75 சதவீத மானியமும் இதே தமிழ்நாட்டில் தரப்படுகின்றன. தோட்டம் வைத்திருக்கும் நம் குடும்பங்கள் வட்டாரத் தோட்டக்கலை அல்லது வேளாண்மை அலுவலகத்தில் கேட்டு இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயி சான்று ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்வது நல்லது.

வரியைச் சீக்கிரம் கட்டுபவருக்கும், தோட்டத்தில் தண்ணீரை மிச்சப்படுத்துபவருக்கும் ஊக்கம் உண்டு என்றால், மாடியில் மழையைப் பிடித்து ஊரின் நிலத்தடி நீரை உயர்த்துபவருக்கும் கேட்பது நியாயம்தானே? அதை எங்கே கேட்பது என்பதைக் கடைசியில் பார்ப்போம். அரசு தரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஓர் ஊக்கம் நம் மாடியிலேயே இருக்கிறது. முதலில் அந்தக் கணக்கு.

நம் மாடியின் கணக்கு

ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லி மீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். இந்த ஒரு கணக்கை நினைவில் வைத்தால் போதும்.

ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி என்பது 93 சதுர மீட்டர். மழை கொஞ்சம் குறைந்த ஆண்டு என்று வைத்து 600 மில்லி மீட்டர் எடுத்துக்கொள்வோம். 93-ஐ 600-ஆல் பெருக்கினால் 55,800 லிட்டர். ஆவியாவது, சிதறுவது, முதல் மழையில் கழுவி விடுவது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் 44,000 லிட்டருக்கு மேல் மிஞ்சும். 6,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஏழு லாரிக்கும் அதிகம். நகரத்தில் ஒருவருக்கு நாளைக்கு 135 லிட்டர் என்ற அரசு அளவுப்படி, ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு இரண்டு மாதத் தண்ணீர். லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் ஏழு லாரிக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதை நாமே கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

கோட்டைமேடு போன்ற நெருக்கமான பகுதிகளில் இரண்டு சென்ட் இடத்தில் வீடு கட்டியிருப்போம். 600 சதுர அடிக் கூரைதான் இருக்கும். அதிலும் ஆண்டுக்கு 26,000 லிட்டருக்கு மேல் கிடைக்கும்.

இவ்வளவையும் தொட்டியில் தேக்கி வைக்க யாராலும் முடியாது. தேவையும் இல்லை. 30 மில்லி மீட்டர் மழை ஒரு நாளில் பெய்தால் ஆயிரம் சதுர அடி மாடியிலிருந்து 2,200 லிட்டர் இறங்கும். நம் வீட்டில் இருக்கும் 5,000 லிட்டர் சம்ப்புக்கு அது போதுமானது. சம்ப் நிறைந்த பின் வருவதைப் பூமிக்குள் அனுப்ப வேண்டும். தொட்டியில் இருப்பது நமக்கு. பூமிக்குள் போவது நமக்கும் பக்கத்து வீட்டுக்கும்.

அமைப்பது எப்படி?

முதலாவதாக, மாடி சுத்தமாக இருக்க வேண்டும். புரட்டாசி முடிவதற்குள் மாடியைப் பெருக்கி, உடைந்த சாமான்களையும் பழைய கோழிக் கூண்டையும் அப்புறப்படுத்தி, தண்ணீர் இறங்கும் வாய்களில் வலை போட்டுவிட வேண்டும்.

இரண்டாவது, முதல் மழையைச் சேர்க்கக் கூடாது. நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் மழையில் தூசியும் பறவை எச்சமும் கழுவி வரும். பைப்பின் அடியில் ஒரு டி இணைப்பும் ஒரு வால்வும் வைத்தால், முதல் பத்து பதினைந்து நிமிடத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, பிறகு உள்ளே திருப்பிக்கொள்ளலாம்.

மூன்றாவது, வடிகட்டி. 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்று போதும். அடியில் பெரிய கூழாங்கல், அதன் மேல் ஜல்லி, அதன் மேல் மரக்கரி, மேலே ஆற்று மணல். அடுக்குகளுக்கு இடையில் நைலான் வலை. ஆண்டுக்கு ஒரு முறை மணலையும் கரியையும் எடுத்துக் கழுவிப் போட வேண்டும். இதற்கு ஆகும் செலவு சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும்.

நான்காவது, நிரம்பி வழியும் தண்ணீருக்கான உறிஞ்சு குழி. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் என்பது சிறிய வீட்டுக்கான வழக்கமான அளவு. உடைந்த செங்கல், கூழாங்கல் போட்டு, மேலே துளையுள்ள சிலாப்பால் மூட வேண்டும். கோவையின் சில பகுதிகளில் மேலே கரிசல் மண் இருக்கும். அது நனைந்தால் களியாகித் தண்ணீரை உள்ளே விடாது. அங்கே கரிசலைத் தாண்டிச் சரளை தட்டும்வரை குழியை ஆழப்படுத்த வேண்டும். பழைய கிணறு இருந்தால் அதுவே சிறந்த உறிஞ்சு குழி. அதைக் குப்பை போட்டு மூடிவிட வேண்டாம்.

செய்யக் கூடாதவையும் உண்டு. வடிகட்டாத மழைநீரைப் போர் குழாய்க்குள் நேரடியாக விடக் கூடாது. உள்ளே போன அழுக்கை வெளியே எடுக்க முடியாது. செப்டிக் டேங்க் பக்கத்தில் உறிஞ்சு குழி வெட்டக் கூடாது. பாத்ரூம், சமையலறைத் தண்ணீரை மழைநீர்க் குழியோடு சேர்க்கக் கூடாது. தொட்டியைத் திறந்து வைத்தால் டெங்கு கொசுவுக்கு நாமே இடம் கொடுத்ததாகிவிடும். மூடியும் வலையும் கட்டாயம். சேமித்த மழைநீரைக் குடிக்க எடுத்தால் காய்ச்சியே குடிக்க வேண்டும்.

சேர்ப்பதோடு செலவையும் பார்க்க வேண்டும். நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாய் ஒரு நாளில் 20 லிட்டர் வரை வீணாக்கும். ஒரு ரூபாய் வாஷரால் நிற்கும் ஒழுக்கு அது. ஆர்.ஓ. மெஷின் வைத்திருப்பவர்கள் அதன் கழிவுக் குழாயை ஒரு வாளியில் விட்டுப் பார்த்தால், நாம் குடிப்பதைவிட அதிகமாக வெளியேறுவது தெரியும். அந்தத் தண்ணீர் வீடு துடைக்கவும் டாய்லெட்டுக்கும் ஆகும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள்

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். நம் சமுதாயத்தில் வாடகை வீட்டில் வாழும் குடும்பங்கள் ஏராளம். சொத்து வரியில் தள்ளுபடி வந்தால் அது வீட்டுக்காரருக்குப் போகும். லாரித் தண்ணீருக்குக் காசு கொடுப்பதோ குடியிருப்பவர். தன்னுடையது அல்லாத வீட்டில் குழி தோண்ட யார் செலவு செய்வார்கள்?

இதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. வாடகைக்குப் பேசும்போதே மழைநீர் பைப்பைச் சம்ப்பில் இணைத்துத் தரச் சொல்லிக் கேட்கலாம். வீட்டுக்காரருக்கும் அது லாபம்தான். தண்ணீர் இல்லாத வீட்டில் கோடையில் யாரும் தங்க மாட்டார்கள். வாடகைக்கு விட்டிருக்கும் நம்மவர்கள் இதைக் குடியிருப்பவர் கேட்கும் முன்பே செய்து கொடுப்பது அமானிதத்தின் ஒரு பகுதி. இன்னொன்று, சிங்கப்பூர் போல, குடியிருப்பவரின் கைக்கே போய்ச் சேரும் உதவியை அரசிடம் கேட்பது. தண்ணீர் கட்டணத்தில் தள்ளுபடி என்றால் அது கட்டணம் செலுத்துபவருக்குக் கிடைக்கும். வரித் தள்ளுபடி மட்டும் வந்தால் சொந்த வீடு உள்ளவர்களோடு அது நின்றுவிடும்.

பள்ளிவாசலிலிருந்து தொடங்குவோம்

ஒரு தெருவில் மிகப் பெரிய கூரை பெரும்பாலும் பள்ளிவாசலுடையதாக இருக்கும். 5,000 சதுர அடிக் கூரையில், மேலே பார்த்த அதே கணக்கின்படி, ஆண்டுக்கு 2 லட்சத்து 20 ஆயிரம் லிட்டருக்கு மேல் கிடைக்கும். பழைய பள்ளிகளின் ஹவுள் வெறும் உளூ செய்யும் இடமாக மட்டும் இருக்கவில்லை. தண்ணீரைத் தேக்கி வைத்து அளவாகப் பயன்படுத்தும் ஒரு முறையாகவும் இருந்தது. இடம் இல்லையென்று ஹவுளை மூடிக் குழாய் வரிசை வைத்த பிறகு, எவ்வளவு தண்ணீர் போகிறது என்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஒரு நாள் சோதித்துப் பார்க்கலாம். குழாயின் கீழே ஒரு வாளியை வைத்து, வழக்கம்போல் திறந்துவிட்டு உளூ செய்து, வாளியில் சேர்ந்ததை அளந்து பார்ப்போம். ஒருவருக்கு 6 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், வக்துக்கு 100 பேர், ஐந்து வக்துக்கு நாளொன்றுக்கு 3,000 லிட்டர். குழாயைச் சிறிதாகத் திறந்து, தேய்க்கும்போது மூடி, 3 லிட்டராகக் குறைத்தால் தினமும் 1,500 லிட்டர் மிச்சம். ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்தரை லட்சம் லிட்டர். அதாவது கூரை மழையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். மழையைப் பிடிப்பதைவிடக் குழாயை மூடுவதில் அதிகத் தண்ணீர் கிடைக்கிறது என்பதை நாம் யோசித்திருக்க மாட்டோம்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் உளூ செய்தார்கள் என்பதும், ஒரு ஸாவு முதல் ஐந்து முத்து வரை உள்ள தண்ணீரில் குளித்தார்கள் என்பதும் புகாரியில் பதிவாகியிருக்கும் செய்தி. ஒரு முத்து என்பது முக்கால் லிட்டருக்கும் உட்பட்ட அளவு. நம்மால் அந்த அளவுக்கு வர முடியாவிட்டாலும், அதன் பக்கத்திலாவது போக முயலலாம்.

மழைநீரில் உளூ கூடுமா என்று சிலர் கேட்கிறார்கள். மழைநீர் தானும் தூய்மையானது, பிறவற்றையும் தூய்மைப்படுத்தக்கூடியது. ஃபிக்ஹு நூல்கள் உளூவுக்கு ஏற்ற தண்ணீர்களை எண்ணும்போது மழைநீரையும் அதில் சேர்க்கின்றன. உளூ செய்து வடிந்த தண்ணீரைப் பற்றியும் கேள்வி வரும். ஹனஃபி, ஷாஃபி இரண்டு மத்ஹபுகளிலும் அது அசுத்தமானது அல்ல. ஆனால் மறுபடி உளூவுக்கு ஆகாது. ஆகவே அதைத் தனிக் குழாயில் எடுத்துப் பள்ளியின் மரம் செடிகளுக்கு விடலாம். மேற்கொண்டு விவரம் வேண்டுவோர் தம் பள்ளியின் இமாமிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மதீனாவில் ரூமா கிணற்றுத் தண்ணீரை மக்கள் விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தபோது, உஸ்மான் (ரலி) அவர்கள் அந்தக் கிணற்றைத் தம் சொந்தப் பணத்தில் வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். இறந்துபோன தாயாருக்காக என்ன தர்மம் செய்யலாம் என்று ஸஅத் பின் உபாதா (ரலி) கேட்டபோது தண்ணீரையே நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். பெற்றோர் பெயரில் பள்ளிக்கு மின்விசிறியும் கம்பளமும் வாங்கிக் கொடுக்கும் நாம், ஒரு வடிகட்டியும் உறிஞ்சு குழியும் அமைத்துக் கொடுத்தால், ஒவ்வொரு மழையிலும் அதன் நன்மை தொடரும். அதுவும் ஸதகத்துல் ஜாரியாதான். அந்தத் தண்ணீரில் தெருவுக்கு ஒரு பொதுக் குழாய் திறந்துவிட்டால், யார் வீடு என்று பார்க்காமல் எல்லோரும் பிடித்துக்கொள்ளலாம். தண்ணீர் மக்கள் அனைவருக்கும் பங்குள்ள பொருள் என்பதை நம் மார்க்கம் கற்றுத் தந்திருக்கிறது.

எங்கே, என்ன கேட்பது?

அரசிடம் கேட்பதற்கு வழிகள் இருக்கின்றன. நகரத்தில் 2022 முதல் வார்டுகளில் பகுதி சபைகள் நடத்தப்படுகின்றன. கிராமங்களில் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 உட்பட ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஜமாஅத் நிர்வாகிகளும் மஹல்லாப் பெண்களும் அங்கே போய், தீர்மானமாக எழுதிக் கொடுக்கலாம். பேசிவிட்டு வருவதைவிட எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குவது பயன் தரும்.

கேட்க வேண்டியவை நான்கு. மழைநீர் அமைப்பை வேலை செய்யும் நிலையில் வைத்திருப்பவருக்கு, சீக்கிரம் வரி கட்டுபவருக்குத் தருவது போல, சொத்து வரியில் ஒரு பங்கு தள்ளுபடி. வாடகைதாரருக்கும் பயன் சேரும்படி தண்ணீர் கட்டணத்தில் சலுகை. சிறிய வீடுகளுக்கு வடிகட்டியும் குழியும் அமைக்க ஒரு முறை உதவித்தொகை. இந்த மூன்றையும் விட முக்கியமானது, ஆண்டுதோறும் பருவமழைக்கு முன் நேரில் வந்து பார்க்கும் ஏற்பாடு. பார்க்காமல் தள்ளுபடி கொடுத்தால் மறுபடியும் பைப் மட்டும் இருக்கும், தண்ணீர் இருக்காது.

வழிபாட்டுத் தலங்களுக்குச் சொத்து வரி விலக்கு இருப்பதால் பள்ளிவாசலுக்கு வரித் தள்ளுபடி தேவைப்படாது. ஆனால் பள்ளிக்குச் சொந்தமான வக்ஃபுக் கடைகளும் வீடுகளும் இருக்கின்றன. அவற்றின் கூரைகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு மஹல்லாவின் பாதித் தண்ணீர்க் கவலை குறையும்.

கேட்டதெல்லாம் அடுத்த மாதமே கிடைத்துவிடாது. அதுவரை மழை நமக்காகக் காத்திருக்காது. இந்த வாரம் ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியதும் மாடிக்குப் போவோம். தண்ணீர் இறங்கும் வாயில் அடைந்திருக்கும் இலையை எடுத்துவிட்டு, பைப் எங்கே போய் முடிகிறது என்று பிள்ளைகளோடு சேர்ந்து கண்டுபிடிப்போம். சாக்கடையில் முடிந்தால், சம்ப் பக்கம் திருப்ப ஒரு பிளம்பருக்கு அரை நாள் வேலைதான்.

மழை பெய்யும்போது அது பயனுள்ள மழையாக இருக்க வேண்டும் என்று துஆ செய்யும்படி நமக்குக் கற்றுத் தரப்பட்டிருக்கிறது. அந்த மழையை வாசலோடு வழியனுப்பி வைக்காமல் பிடித்து வைப்பது நம் கையில் இருக்கிறது. இன்ஷா அல்லாஹ், வரும் ஐப்பசியில் நம் மஹல்லாவின் ஒரு மாடித் தண்ணீரும் சாக்கடைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வோம்.